பெண் போர்வீரருக்கு 18/50: டேபிள்டாப் ரோல்பிளேயில் பெண்கள்

டேபிள்டாப் ரோல்பிளே என்றால், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு; கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர். அதை ஆடும் ஒருவரின் கேள்வி இதுதான்: "இரண்டு வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன். எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். பழைய பதிப்புகளில் பெண் பாத்திரங்களுக்குப் பலம் குறைவு என்று விதியே இருந்ததாக ஒருவர் சொன்னார். இன்னொருவர், அதெல்லாம் கட்டுக்கதை, யாரும் யாராகவும் ஆடக்கூடிய விளையாட்டில் பாகுபாடு எங்கிருந்து வரும் என்றார். எது உண்மை? இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா? ஆண்கள் பெண் பாத்திரம் எடுத்து ஆடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

விதி இருந்தது. 1978-ல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பலம் பற்றிய பகுதியில் ஆணுக்கு ஒரு உச்சவரம்பு, பெண்ணுக்கு வேறொன்று என்று அச்சிலேயே இருக்கிறது. மனித ஆண் 18/00 வரை போகலாம். மனிதப் பெண் 18/50-ஐத் தாண்ட முடியாது.

ஐந்தாம் பதிப்பில் தொடங்கியவர்களுக்கு அந்தச் சாய்கோடு புரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். அன்று ஒரு ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரர் பாத்திரத்துக்கு, பலம் 18 விழுந்துவிட்டால் கூடவே சதவீதப் பகடையும் உருட்டுவார்கள். 00 என்றால் நூறு, அதுதான் உச்சம். 18/50 உள்ளவருக்கு அடி விழுவதற்கு +1, காயத்துக்கு +3. 18/00 உள்ளவருக்கு +3, +6. ஒரே வாள், ஒரே லெவல். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் மூன்று புள்ளி வித்தியாசம்.

இனி கொஞ்சம் கணக்கு. பலத்துக்காக நான்கு பகடை உருட்டி மிகச் சிறியதைக் கழிக்கும் முறையில் 1296 வாய்ப்புகளில் 21-ல் மட்டும்தான் 18 விழும். அப்படி விழுந்தவர்களில் பாதிப் பேர்தான் சதவீதப் பகடையில் 50-ஐத் தாண்டுவார்கள். அதாவது நூறு பெண் ஃபைட்டர்களை உருவாக்கினால், இந்த வரம்பு ஒருவரைத் தொட்டாலே அதிகம். விளையாட்டின் சமநிலைக்கு இந்த விதி எதையும் செய்யவில்லை. கிட்டத்தட்ட யாருக்கும் பயன்படாத ஒரு விதியை யோசித்து, எழுதி, அச்சுக்கோத்து, புத்தகத்தின் முதல் பக்கங்களில் வைத்திருக்கிறார்கள். பாத்திரம் உருவாக்க உட்காரும் ஒரு பெண் முதலில் வாசிப்பது அதைத்தான். பகடையைக் கையில் எடுக்கும் முன்பே அவளுக்கு ஒரு சேதி போய்விடுகிறது.

"யதார்த்தம் வேண்டாமா?" என்பார்கள். நெருப்பு உருண்டையை விரலால் எறியும் மந்திரவாதியும், பேசும் வாளும், செத்தவரை எழுப்பும் பூசாரியும் உள்ள உலகத்தில் யதார்த்தம் நுழைவதற்குக் கிடைத்த ஒரே சந்து பெண்ணின் கைப்பலம்தானா என்பதுதான் என் பதில். அந்த விதிகளில் ஒருவர் ஆறு முறை கோடரி வெட்டு வாங்கிவிட்டு ஓடிக்கொண்டிருப்பார். ஒரு புள்ளி உயிர் மிச்சமிருக்கும் வரை அவருடைய கை நடுங்காது. அங்கெல்லாம் கேட்காத யதார்த்தம் இங்கே மட்டும் ஏன் தேவைப்பட்டது என்பதே விஷயம்.

இதை விளங்கிக்கொள்ள விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டபோது, அது பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடுகிறவர்களுக்கான விதித்தொகுப்பு. அந்த வட்டம் ஏறக்குறைய முழுக்க ஆண்கள். பெட்டியில் இருந்த மூன்று சிறு புத்தகங்களில் முதலாவதன் பெயரே 'மென் அண்ட் மேஜிக்'. போர்வீரர் வகுப்பின் பெயர் 'ஃபைட்டிங்-மேன்'. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று திட்டமிட்டு வைத்த பெயர்கள் என்று நான் நினைக்கவில்லை. எதிரே உட்காரப் போகிறவர் யார் என்று எழுதுகிறவர் மனத்தில் ஒரு உருவம் இருக்குமே, அந்த உருவத்துக்கு மீசை இருந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. கைகாக்ஸ் தன் நிலவறையை முதன்முதலில் ஆடிப் பார்த்தது தன் பிள்ளைகளை வைத்து: மகன் எர்னி, மகள் எலிஸ். ஆக அந்தப் படிகளில் முதலில் இறங்கிய இரண்டு பேரில் ஒருத்தி ஒரு சிறுமி. விளையாட்டுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பட்டியல் போட்டபோது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதைப் பிடித்துக்கொண்டது இளைய மகள் சிண்டி என்று கைகாக்ஸே சொல்லியிருக்கிறார். வீட்டில் மகள்கள் ஆடினார்கள், பெயரும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் புத்தகத்துக்குள் அவர்களுக்கு ஒரு சொல் இல்லை.

சொல் இல்லாததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' இணைப்பில் டிராகன்களின் அரசன் நல்லவன், அரசி தீயவள் என்று வகுத்துவிட்டு, பெண்விடுதலை இயக்கத்தார் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்கிற தோரணையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எழுதியவருக்குத் தான் செய்வது தெரிந்தே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1976 அக்டோபரில் 'தி டிராகன்' இதழின் மூன்றாம் எண்ணில் லென் லகோஃப்கா பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகள் எழுதினார். பெண்களை விளையாட்டுக்குள் கொண்டுவருவதுதான் கட்டுரையின் நோக்கமாம். வழி என்ன தெரியுமா? பெண்களுக்குக் கரிஸ்மாவுக்குப் பதிலாக 'அழகு' என்று ஒரு மதிப்பெண், பலம் குறைவு, ஆண்களை மயக்கும் தனித்திறன்கள். இதை வெறும் ஆபாசம் என்று தள்ளிவிடுவது சுலபம். கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். கரிஸ்மா என்பது அந்த விதிகளில் தலைமைத்திறம்: எத்தனை கூலி வீரர்களைச் சேர்க்கலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக நிற்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் எண். அதை எடுத்துவிட்டு அழகை வைத்தால், படை நடத்தும் வழியையே அவளிடமிருந்து பிடுங்கியதாகிறது.

அந்தக் காலத்தில் பெண்களே ஆடவில்லையே, அவர்களுக்காக யார் எழுதுவார்கள் என்ற வாதமும் உண்டு. குறைவு என்பது நிஜம். அமெரிக்கச் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983-ல் வெளியிட்ட ஆய்வில் ஆடுபவர்களில் பெண்கள் 5 முதல் 10 விழுக்காடு என்று மதிப்பிட்டார். ஆனால் அந்தச் சிறுபான்மை ஓரமாக உட்கார்ந்திருக்கவில்லை. 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்று ஒரு கூட்டிதழ்: ஆடுகிறவர்கள் ஆளுக்குச் சில பக்கம் எழுதி அனுப்புவார்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். இணையம் இல்லாத நாளில் இந்தத் துறையின் விவாதங்களில் பல அதில் நடந்தன. 1975 ஜூனில் அதைத் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நடத்தியவர் லீ கோல்ட் என்ற பெண்மணி. விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஆண்கள் மாய்ந்து மாய்ந்து எழுதிய கடிதங்களைப் பக்கம் வரிசைப்படுத்தியது அவருடைய கை.

1979-ல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் ஜீன் வெல்ஸ் என்பவரை வேலைக்கு எடுத்தது. அங்கே வடிவமைப்புப் பணியில் சேர்ந்த முதல் பெண். கிம் மோஹனோடு சேர்ந்து 1980 ஜூலை 'டிராகன்' இதழில், பெண்கள் சமத்துவம் கேட்கிறார்கள், ஏன் கூடாது என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெண் ஆட்டக்காரர்கள் மேசையில் என்னவெல்லாம் சந்திக்கிறார்கள் என்பதுதான் பொருள். அந்தப் பட்டியலில் பாதிக்கு இன்றும் நீங்கள் தலையாட்டுவீர்கள். 1981-ல் அவர் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்' என்ற சாகசப் புத்தகம் அச்சாகி வந்ததும் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டது. உள்ளே இருந்த சில படங்கள்தான் முக்கியப் பிரச்சினை. டாம் மோல்ட்வே திருத்தி எழுதிய வடிவம் பச்சை அட்டையில் வந்தது. தப்பிப் பிழைத்த ஆரஞ்சு அட்டைப் பிரதிகள் இன்று சேகரிப்பாளர்களின் புதையல். எழுதியவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

நிறுவனத்தில் அதிகாரம் பெண் கைக்கு வந்தால் புத்தகங்கள் மாறிவிடுமா? 1985-லிருந்து 1997-ல் விற்கும் வரை டிஎஸ்ஆரை நடத்தியது லோரெய்ன் வில்லியம்ஸ் என்ற பெண்தான். எந்தப் பாதுகாப்பும் தராத உலோகப் பட்டை இரண்டை மட்டும் கட்டிக்கொண்டு பெண் வீரர்கள் பனிமலையில் நிற்கும் அட்டைப்படங்கள் அந்த வருடங்களிலும் தாராளமாக வந்தன. படங்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. எல்லோரும் பேசுவது அதைத்தான், கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். வயிற்றைத் திறந்து வைக்கும் கவசம் கவசமல்ல என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாதது அரக்கர் பட்டியலில் இருக்கிறது. மெடூசா, ஹார்பி, சக்யூபஸ், ஹேக், நிம்ஃப், டிரையாட் எல்லாம் பெண். ஓர்க், ஓகர், கோப்ளின், ராட்சதன் என்றால் படத்தில் ஆண். அவர்களின் பெண்கள் குகைக்குள் குழந்தைகளோடு இருப்பதாக எண்ணிக்கை மட்டும் வரும். ஆணரக்கன் அடிப்பான். பெண்ணரக்கி மயக்குவாள், பாட்டால் இழுப்பாள், பார்வையால் கல்லாக்குவாள். நிம்ஃப் எதுவுமே செய்ய வேண்டியதில்லை, அவளைப் பார்த்தாலே கண் போய்விடும். 1978-ல் அறிமுகமான டிரோ என்ற இருண்ட எல்ஃப்களின் சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உலகத்தில் பெண்கள் ஆளும் சமூகம் என்று எல்லோருக்கும் நினைவில் நிற்பது அது ஒன்றுதான். அதுவும் பூமிக்கடியில், சிலந்தித் தெய்வத்துக்குப் பலி கொடுத்துக்கொண்டு, மொத்தமும் தீயவர்கள். டிரோவை எனக்கு மிகவும் பிடிக்கும். பல வருடம் அவர்களை வைத்துக் கதை நடத்தியிருக்கிறேன். பெண்ணாட்சி என்றால் என்ன என்று அந்த விளையாட்டு யோசித்தபோது அதற்குக் கிடைத்த விடை இதுதான் என்பதையும் மறக்க முடியவில்லை.

கதை நடத்துபவருக்கான விதிப்புத்தகமான 1979-ன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இரண்டு சங்கதிகள். ஒன்று, நகரத்தில் எதிர்ப்படுகிறவர்களுக்கான பகடைப் பட்டியலில் பரத்தையருக்கு மட்டும் ஒரு உள்பட்டியல்: எந்த ரகம் என்று சதவீதப் பகடை உருட்டிக் கண்டுபிடிக்கலாம். அந்த நகரத்தின் கொல்லர்களுக்கோ சட்ட அறிஞர்களுக்கோ அத்தனை நுணுக்கம் கிடைக்கவில்லை. இன்னொன்று, அணிந்தால் பாலினம் மாறிவிடும் ஒரு அரைக்கச்சை. அது சாபப் பொருள்களோடு எண்ணப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு பாத்திரம் மாறியதும் மேசையில் எழுந்த சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பிறகொரு நாள் ஒரு நண்பர், மற்றவர்கள் கழற்ற வழி தேடிய அந்தக் கச்சை தனக்குக் கிடைக்காதா என்று சிறுவயதில் ஏங்கியதாகச் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை என்னால் பழையபடி வாசிக்க முடிந்ததில்லை.

இந்த இடத்தில் ஜெனல் ஜாக்வேஸைச் சொல்லாமல் போனால் குறை. பல வாசல், பல படிக்கட்டு, சுற்றி வந்து முதுகுப் பக்கம் திறக்கும் ரகசிய வழி என்று நிலவறை வரைபடத்தை ஒரு கலையாக்கியவர். 1979-ல் வந்த அவருடைய 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா' இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தன்னைத் திருநங்கையாக வெளிப்படுத்திக்கொண்டார். 2024 ஜனவரியில் மறைந்தார். பெண்கள் இந்தத் துறைக்கு நேற்று வந்தவர்கள் என்று யாராவது சொன்னால், அவர் எந்த வரைபடத்துக்குள் நின்று அதைச் சொல்கிறார் என்று கேட்கலாம்.

18/50 எப்போது போயிற்று? 1989-ன் இரண்டாம் பதிப்பில். சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அதே புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு: இதில் 'ஹீ' மட்டுமே பயன்படுத்துகிறோம், இது பெண்களை விலக்குவதற்கல்ல, நூற்றாண்டுகளாகப் புழங்கிப் புழங்கி அந்தச் சொல் பொதுவாகிவிட்டது என்று. வாயிற்படியில் நின்று, உள்ளே வராதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுப்பதைப் போல. 1991-ல் வந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' என்ற வேறொரு ரோல்பிளே விளையாட்டு நிலவறையை விட்டுவிட்டு நகரம், உறவு, பசி, அதிகாரம் என்று போனது. அதன் வழியாக நிறையப் பெண்கள் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தார்கள் என்று அந்தக் காலத்தில் ஆடியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். டிராகனைக் கொல்வது பெண்களுக்குப் பிடிக்காது, உறவுகளைப் பேசத்தான் பிடிக்கும் என்று இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த விளையாட்டுக்குப் பொம்மைப் போர்க் கடையிலிருந்து வந்த பழைய கூட்டம் இல்லை. அதனால் உள்ளே நுழைய யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

2000-ல் மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாதிரிப் பாத்திரத்தை வைத்து, அந்தப் பாத்திரத்தின் பாலுக்கேற்பச் சுட்டுப்பெயரை மாற்றியது. மந்திரவாதி மியாலீ பெண், ஆகவே விதி விளக்கத்தில் மந்திரவாதி 'அவள்'. பேலடின் (புனித வீரர்), மாங்க் (துறவி), ரோக் (திருடர்) வகுப்புகளும் அப்படியே. ஒரு சின்ன வேலைதான். ஆனால் 'அவள் ஒரு நாளில் இத்தனை மந்திரம் தயார் செய்யலாம்' என்று எந்த ஆரவாரமும் இல்லாமல் ஒரு விதிப்புத்தகம் சொல்லும்போது மண்டைக்குள் ஏதோ ஒரு தாழ்ப்பாள் விலகுகிறது. 2014-ன் ஐந்தாம் பதிப்பு வெளிப்படையாகவே எழுதியது: ஆணாகவோ பெண்ணாகவோ ஆடுவதால் தனிச் சலுகையும் இல்லை, தடையும் இல்லை, இருபால் வரையறைக்குள் அடைபட்டிருக்க வேண்டியதும் இல்லை. 36 வருடம் கழித்து 18/50-க்கு அச்சில் வந்த பதில் அது. அதே பத்தியில், தன்னை ஆண் என்று தவறாக நினைப்பதை வெறுக்கும் தாடி வைத்த குள்ளப் பெண் ஒரு உதாரணமாக வருகிறாள். குள்ளப் பெண்களுக்குத் தாடி உண்டா இல்லையா என்று ஆட்டக்காரர்கள் எத்தனை வருடம் சண்டை போட்டார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த வரி சிரிப்பைத் தரும். ஆடுபவர்களில் சுமார் 40 விழுக்காடு பெண்கள் என்பது டிஎஸ்ஆருக்குப் பிறகு இதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே சமீப வருடங்களில் சொல்லிவரும் கணக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் தடைகளை நீக்கிய கதை. பாலினத்தைப் பற்றி விதிகளால் என்ன பேச முடியும் என்று உண்மையிலேயே யோசித்தவர்கள் சிறு பதிப்பாளர்கள்தான்.

எமிலி கேர் பாஸ் 2005-ல் எழுதிய 'பிரேக்கிங் தி ஐஸ்' இரண்டு பேர் ஆடுவது. இரண்டு பாத்திரங்களின் முதல் மூன்று காதல் சந்திப்புகள்தான் கதை. தொடங்கும் முன் ஆடும் இருவருக்கும் இடையே உள்ள ஏதாவது ஒரு வேறுபாட்டைத் தேர்ந்து, அதை மாற்றிக்கொண்டு ஆட வேண்டும். அது பாலினமாகவும் இருக்கலாம். அடுத்தவருடைய இடத்தில் நின்று பேசும்போது, அந்த இடத்தில் நிஜமாகவே வாழ்கிறவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அள்ளிவிட முடியாது.

2010-ன் 'அபோகாலிப்ஸ் வேர்ல்ட்' பாத்திரத் தாளில் தோற்றத்துக்கான வரியில் ஆண், பெண் என்பவற்றோடு தெளிவற்றது, மீறுவது, மறைத்தது என்பவையும் தேர்வுகளாக இருந்தன. முன்னுரையும் இல்லை, விளக்கமும் இல்லை. பென்சிலால் ஒன்றைச் சுழித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

என்னை அதிகம் பாதித்தது ஏவரி ஆல்டரின் 'மான்ஸ்டர்ஹார்ட்ஸ்', 2012. பதின்ம வயதினர், ஆளுக்கு ஒரு அமானுஷ்யம். ஒருவரைக் கிளர்ச்சியூட்டுவதற்கு ஒரு விதி உண்டு. என் பாத்திரம் யார்மேல் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். பகடை நன்றாக விழுந்தால் எதிராளியின் பாத்திரத்துக்குள் ஈர்ப்பு வந்துவிட்டது என்றுதான் பொருள். "என் ஆள் அப்படிப்பட்டவன் இல்லை" என்று அவர் மறுக்க வழியில்லை. வந்த ஈர்ப்பை வைத்து என்ன செய்வது என்பது மட்டும் அவர் கையில். முதலில் கேட்கும்போது அநியாயமாகத் தெரியும். ஆனால் பதினாறு வயதில் யாருக்குத்தான் தன் உடம்பு கேட்டுக்கொண்டு நடந்தது? தன் பாத்திரத்தின் உள்ளம் முழுக்கத் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற பழைய ஏற்பாட்டை இந்த ஒரு விதி உடைத்துவிடுகிறது. நான் நடத்திய ஆட்டத்தில், எப்போதும் உரக்கப் பேசும் ஒரு நண்பர் அந்தப் பகடை விழுந்ததும் அரை நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அவனைப் பார்க்காத மாதிரி புத்தகத்தைத் திறக்கிறேன்" என்றார். அன்றைய ஆட்டத்தின் உச்சம் அதுதான். பெரிய நம்பிக்கை உள்ள குழுவில் மட்டும் ஆடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜேசன் மார்னிங்ஸ்டார் எழுதிய 'நைட் விட்சஸ்', 2015, இரண்டாம் உலகப் போரில் சோவியத்தின் 588-ஆம் இரவுநேரக் குண்டுவீச்சுப் படைப்பிரிவைப் பற்றியது. முழுக்கப் பெண்கள். மரச்சட்டமும் துணியும் கொண்ட பி.ஓ.-2 விமானங்களில் இரவில் பறந்தவர்கள். மேசையில் யார் இருந்தாலும் எல்லோரும் பெண் பாத்திரம்தான் ஆட வேண்டும். இரவில் ஜெர்மானியர்கள் மேல் குண்டு வீச்சு, பகலில் விமான தளத்தில் சொந்தப் படையின் ஆண் அதிகாரிகளோடு போராட்டம். பகலில் மேலதிகாரியிடம் நயந்து பேசியோ எதிர்த்து நின்றோ பெற்றதுதான் இரவில் உயிர் காக்கும். இந்த அமைப்பின் அருமை என்னவென்றால், பாகுபாடு இங்கே பின்னணி வர்ணனையாக இல்லை, பெட்ரோல் அளவைப் போல ஒரு கணக்காக இருக்கிறது. சரித்திரத்தில் பெண்களுக்கு இடமில்லை, அதனால்தான் கதையிலும் இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் இந்தப் புத்தகத்தை மேசையில் வைத்துவிடுவேன்.

2017-ன் 'புளூபியர்ட்ஸ் பிரைட்' மூன்று பெண்கள் எழுதிய திகில் ஆட்டம். ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மணப்பெண்ணின் மனக்கூறுகள், மோதிரம் யார் கையில் இருக்கிறதோ அவர் அவளை நடத்துவார். ஏப்ரல் கிட் வால்ஷின் 'தர்ஸ்டி சோர்ட் லெஸ்பியன்ஸ்' நெபுலா விருது வரை போனது. நல்ல ஆட்டம், அதைப் பற்றி எழுதவும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்கள். விதியில், ஏறத்தாழ. மேசையில் இல்லை. மேசையில் நடப்பவை அச்சில் வராது. பெண் வந்து உட்கார்ந்ததும் கேட்காமலே விதியை விளக்க ஆரம்பிப்பது. ஹீலர் (காயம் ஆற்றும் பாத்திரம்) வேண்டும், நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவளிடம் மட்டும் கேட்பது. அவள் சொன்ன திட்டத்தைக் கவனிக்காமல் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வேறொருவர் சொன்னதும் அருமை என்பது. அவளுடைய பாத்திரத்தின் மேல் ஒவ்வொரு விடுதிக்காரனும் கை போடுவது, ஏனென்றால் "அந்தக் காலம் அப்படித்தான்". பெண் பாத்திரத்துக்குக் கடந்தகாலம் வேண்டும் என்றால் கேம் மாஸ்டருக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஒரே காரணம் பாலியல் வன்முறையாக இருப்பது.

இதில் கடைசிக்குக் கருவிகள் வந்திருக்கின்றன. எது கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளும் 'லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்' முறை ரான் எட்வர்ட்ஸ் எழுத்திலிருந்து வந்தது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸின் 'எக்ஸ்-கார்டு' இன்னும் எளிது: மேசை நடுவில் ஒரு அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சி அத்தோடு வெட்டு, காரணம் கேட்கக் கூடாது. இரண்டையும் பயன்படுத்துகிறேன். ஆனால் அட்டை கெட்டதை நிறுத்தும், அவ்வளவுதான். யார் பேச்சு கேட்கப்படுகிறது என்பதை அது மாற்றாது. உங்கள் திட்டத்தை மற்றவர் வாயிலிருந்து கேட்டுப் பாராட்டுகிறவர்களுக்கு எதிராகத் தொட எந்த அட்டையும் இல்லை. அங்கே வேலை செய்ய வேண்டியவர் கேம் மாஸ்டர். "இதைக் கொஞ்சம் முன்னாடி இவங்க சொன்னாங்களே, முழுசா கேட்டுடலாம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், பெரும்பாலான குழு புரிந்துகொள்ளும். புரிந்துகொள்ளாத குழுவை விட்டு எழுந்து போவதும் ஒரு நல்ல முடிவு. நான் எழுந்து போயிருக்கிறேன்.

ஆண்கள் பெண் பாத்திரம் ஆடலாமா? தாராளமாக. தடை போட்ட மேசைகளைவிடத் தடையில்லாத மேசைகளில்தான் நல்ல ஆட்டம் பார்த்திருக்கிறேன். கேலிக்குரலும் இடுப்பாட்டமும் வந்தால் அது பாத்திரமல்ல, நையாண்டி; அதை ஒரு தடவை சொல்லி நிறுத்தலாம். நன்றாக ஆடுகிறவர்களிடம் நான் கவனித்தது, அவர்கள் 'ஒரு பெண்ணை' ஆடுவதில்லை. கடனில் மூழ்கிய ஒரு வேவுக்காரியை ஆடுகிறார்கள், அண்ணனை வெறுக்கும் ஒரு தளபதியை ஆடுகிறார்கள்.

தமிழில் ஆடும்போது இதில் நமக்கு ஒரு வசதி உண்டு, ஒரு பொறியும் உண்டு. 'நான் கதவைத் திறக்கிறேன்' என்பதில் பால் இல்லை. 'நீ உள்ளே போகிறாய்' என்பதிலும் இல்லை. ஆட்டக்காரர் தன்மையிலும் கேம் மாஸ்டர் முன்னிலையிலும் பேசும் வரை, பாத்திரம் ஆணா பெண்ணா என்பதை மொழி கேட்பதே இல்லை. தாடி வைத்த நண்பர் மணிக்கணக்கில் ஒரு ராணியாக இருக்கலாம், ஒரு விகுதியும் உறுத்தாது. படர்க்கைக்குப் போன நொடியில் வினைமுற்று பிடித்துக்கொள்ளும்: வந்தான், வந்தாள், வந்தார். ஆட்டக்காரர்களின் பாத்திரங்களுக்கு இது பிரச்சினையில்லை, யார் என்ன என்று தாளில் இருக்கிறது. கதையின் மற்ற ஆட்கள் எல்லோரும் படர்க்கையில்தான் வருகிறார்கள், அவர்களைப் பெற்றெடுப்பது கேம் மாஸ்டரின் வாய். யோசிக்காமல் பேசினால் அந்த வாய் 'ஒரு காவலன் நிற்கிறான், ஒரு வணிகன் வருகிறான்' என்றுதான் போகும்.

என்னுடையதும் அப்படித்தான் போயிற்று. சில வருடம் முன்பு, ஒரு நீண்ட கேம்பெய்ன் (தொடர்கதை ஆட்டம்) முடிந்த பிறகு குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பெயர் வைத்த பெண்கள்: ஒரு விடுதிக்காரி, ஒரு சூனியக்காரி, கடத்தப்பட்ட ஒரு மகள், செத்துப்போன ஒரு மனைவி. மீதி உலகம் முழுக்க ஆண்கள். 18/50-ஐக் கிண்டல் செய்துகொண்டே நான் கட்டியிருந்த உலகம் அது. அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். திட்டமிடாத ஆள் ஒருவர் கதைக்குள் வர வேண்டியிருந்தால், வாயைத் திறக்கும் முன் ஒரு பகடையை உருட்டிவிடுவேன்: ஒற்றைப்படை என்றால் பெண், இரண்டோ நான்கோ என்றால் ஆண், ஆறு விழுந்தால் 'அவர்' என்றே வைத்துக்கொண்டு போய்விடுவது.

முதல் நாள் அந்தப் பகடையில் விழுந்தவள் ஒரு கொல்லுப்பட்டறைக்காரி. குதிரை லாடம் கேட்டுப் போன பார்ட்டியிடம் விலை பேச மறுத்து, அவர்களுடைய பேலடினின் கவசத்தில் இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டித் திட்டினாள். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய காட்சி. ஏழு செஷன் கழித்தும் அவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு அவளிடமே திரும்பிப் போனார்கள். கடைசியில் அவளைத் தங்களோடு கிளம்பச் சொல்லிக் கெஞ்சியது அந்த பேலடின்தான். அவள் வரவில்லை, உலை அணைந்துவிடும் என்றாள்.